கும்பத்தடியில் உசாத்துணை நூல்

எங்கள் வீட்டில் அதிகமாக வாசிக்கப்பட்ட புத்தகத்தை இதுவரை ஒருவரும் முழுதாக வாசித்ததில்லை. முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிக்கிற புத்தகம் அல்ல அது. ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களுக்கான உசாத்துணை நூல். தலையணைத் தடிப்பு, செங்கல் நிறம், எழுத்தோ கடுகளவு. நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது என்ன வேண்டும் என்று லண்டனில் இருக்கும் சித்தப்பா கேட்டார். புதுப் போன் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார் போலும். நான் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னதும், எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பிறகு சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே அது கப்பலில் வந்து சேர்ந்தது. பல மாதங்களுக்கு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சவர்க்காரம் மணக்கும்.

அதுவரை நான் ஆங்கில இலக்கியத்தை ரியூட்டில்தான் படித்திருந்தேன். நல்லூரில் ஒரு தனியார் ரியூட்டரி வகுப்பில், தகரக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு இருந்து, அச்சடித்துத் தரும் அந்த ரியூட் தாள்களை மனப்பாடம் செய்வோம். ரியூட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு பதில்தான். பனி என்றால் சாவு. வசந்தம் என்றால் புத்துயிர். ரோசா என்றால் காதல். பனியை நாங்கள் கண்டதில்லை, வசந்தம் என்று ஒரு காலமும் எங்களுக்கு இல்லை, ரோசாவை முகூர்த்த மாலையில் கண்டதோடு சரி. ஆனாலும் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்தது. இலக்கியம் தெரியாமலே இலக்கியத்தில் திறமைச் சித்தி எடுப்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை.

பல்கலைக்கழகத்தில் முதல் கிழமையே எனக்கு வாய்த்த சிநேகிதி மயிலிட்டியைச் சேர்ந்தவள். கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். ஊர் இராணுவத்திடம் இருந்த காலத்தில் வேறு கரைகளில் வாடகை வீடுகளிலும் உறவினர் வளவுகளிலும் வளர்ந்தவள். ஊர் திரும்பக் கிடைத்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. என் பெரிய புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு அதைப் பார்க்கவென்றே கோப்பாயில் உள்ள எங்கள் வீட்டுக்கு பஸ் ஏறி வந்தாள். முதலில் அதைத் தூக்கிப் பார்த்தாள். தங்களுடைய வீட்டில் தடித்த புத்தகம் என்று ஒன்றும் இருந்ததில்லை என்றும், அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் பாரமான எதையும் வாங்க மாட்டார்கள் என்றும் சொன்னாள். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. இப்படி ஒரு புத்தகம் இருக்க முதலில் ஒரு வீடு நிலையாக இருக்க வேண்டும்.

அவள் முதன்முதலாகத் தேடியது பனியை. நான் பனி என்றால் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில் படியும் வெள்ளைப் படிவு என்று நினைத்திருந்தேன். அவள் மீன் பெட்டிக்குள் கொட்டும் ஐஸ் என்று நினைத்திருந்தாள். புத்தகமோ பனிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது: எப்போது விழும், எத்தனை விதம், வழி மறித்தால் ஊர் என்ன செய்யும், விழுந்த பிறகு சத்தங்கள் எப்படி அமுங்கிப்போகும். அந்தக் கடைசி விஷயத்தில்தான் அவள் நின்றாள். ஐஸ் கொட்டினால் காது அடைக்கும். பனி விழுந்தால் ஊரே சத்தமில்லாமற் போகும். முதல் வருடப் பாடத்தில் இருந்த ஒரு கவிதையில் ஏன் அவ்வளவு அமைதி என்பது அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் பிடிபட்டது.

பிறகு சனிக்கிழமைகளில் தவறாமல் வருவாள். என் அறை நிலத்தில் பாயை விரித்து, நடுவில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருவரும் குப்புறப் படுத்திருப்போம். செத்த வீட்டுக்கு அந்த நாட்டில் என்ன உடுத்தார்கள், எந்தப் பூ எந்த மாதம் பூக்கும், தேவாலயத்தின் வடக்குப் பக்கத்தில் ஏன் பிணம் புதைக்க விரும்பமாட்டார்கள், மெழுகுதிரி வாங்க வக்கில்லாதவர்கள் எதைக் கொளுத்தினார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் இன்னொரு தலைப்பைப் பார்க்கச் சொல்லியிருக்கும். அதைப் பார்த்தால் அது வேறொன்றுக்கு அனுப்பும். பூவைத் தேடிப் போனால் மருந்துக்கும், மருந்தில் இருந்து சூனியக்காரிக்கும், அங்கிருந்து நீதிமன்றத்துக்கும் போய்ச் சேருவோம். குறிப்புகளை எழுதியவர்களின் பெயரின் முதலெழுத்துகள் மட்டும்தான் கீழே இருக்கும். ஆர் எவர் என்று தெரியாத அந்த மனிதர்கள்மீது எனக்கு உண்மையிலேயே அன்பு உண்டு. தங்கள் ஊரைக் காணாத ஒருத்தி எங்கோ இருந்து வாசிப்பாள், அவள் இடறி விழக்கூடாது என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். கதை எழுதுகிறவர்களைக்கூட நான் அவ்வளவு மெச்சியதில்லை.

கைபேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிடைக்கும். ஒரே வசனத்தை நாற்பது இடத்தில் கொப்பி அடித்து வைத்திருப்பார்கள். எழுதியவர் யார் என்று கேட்டால் பதில் இராது. ரியூட்டரியை விட்டு வெளியே வந்தவளுக்கு மறுபடி ரியூட் எதற்கு?

கடைசி வருடம் வந்தது. நாங்கள் ஆளுக்கொரு ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். எனக்கு அது ஒரு சோதனை மட்டும்தான். அவளுக்கு அது அதற்கு மேல். முதல் வகுப்புக் கிடைத்தால் துறையிலேயே தற்காலிக உதவி விரிவுரையாளராக எடுப்பார்கள். ஊரிலேயே இருந்து படிப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் கனடாவில் இருந்து வந்திருந்த ஒரு சம்பந்தத்துக்கு ஓம் சொல்வதாக வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. திரும்பக் கிடைத்த ஊரை விட்டு மறுபடி போகத்தான் அவளுக்கு மனமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்ததில், ஆய்வுக்கட்டுரைக்கு உயர்ந்த புள்ளி வந்தால்தான் முதல் வகுப்பு எட்டும்.

அவள் எடுத்தது அதிகம் பேர் அறியாத ஒரு பழைய ஆங்கில நெடுங்கவிதை. கரையோரக் கிராமத்தில் ஒரு பெண். புருஷன் கப்பலில் போய்விட்டான். அவள் குளிர்காலம் முழுக்க யன்னலும் கதவும் பூட்டி வீட்டுக்குள் இருக்கிறாள். கடைசியில் காற்றுத் திசை மாறி மேற்கில் இருந்து வீசத் தொடங்குகிறது. அவள் எழுந்து கதவை அகலத் திறக்கிறாள். கவிதை அத்தோடு முடிகிறது.

என் சிநேகிதிக்கு அந்தக் காற்று தெரிந்த காற்று. மேற்கு, தென்மேற்குப் பக்கமிருந்து வருவதை எங்கள் ஊரில் சோளகம் என்போம். எங்களுடைய தோட்டத்தில் அது செம்மண்ணைக் கிளப்பி வாய்க்குள் போடும், மழை தராது. அவளுடைய கரையில் அது நிலத்தில் இருந்து கடலை நோக்கி வீசும். என்ஜின் நின்றுபோன வள்ளத்தைக் கரையை விட்டு அள்ளிக்கொண்டு போய்விடும். அவள் தகப்பனுடைய தமையன், அவளைத் தூக்கி வளர்த்த பெரியப்பா, அப்படித்தான் போனார். அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தேடிப் போன வள்ளங்கள் எல்லாம் வெறுமையாகத் திரும்பின.

ஆகவே அவளுடைய முக்கிய அத்தியாயம் முழுவதும் அந்தக் கதவைப் பற்றியது. மேற்குக் காற்று ஆளைக் கொண்டுபோகிற காற்று. அதற்குக் கதவைத் திறக்கிறவள் தன்னையும் கொண்டுபோகச் சொல்லிச் சாவை அழைக்கிறாள் என்று எழுதியிருந்தாள். வாசித்தால் நெஞ்சை அடைக்கும். காற்றைப் பற்றிய அடிக்குறிப்பில், தகவல் தந்தவர் தன் தகப்பன் என்று போட்டிருந்தாள். எங்கள் மேற்பார்வையாளர் மேடம் அந்த அடிக்குறிப்பை மிகவும் பாராட்டினாராம். மேடமும் பிறந்து வளர்ந்தது குடாநாட்டில்தான்.

கட்டுரையைக் கையளிக்க வேண்டிய நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை மாலை, கடைசியாக ஒருமுறை எழுத்துப்பிழை பார்க்கவென்று அவளுடைய பிரதியையும் கவிதையையும் வைத்துக்கொண்டு இருந்தேன். காற்று மாறிய இடத்தில் கவிதையில் கூரை சொட்டுகிறது. வாசற்படிக்குப் பக்கத்தில் புல்லுப் பச்சையாகிறது. அந்த வரியை அதற்கு முன் எத்தனையோ தரம் வாசித்திருப்பேன். அன்றைக்குத்தான் தோட்டம் செய்கிறவரின் மகளான எனக்கு உறைத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். உடனே அவளுக்குப் போன் எடுத்தேன்.

“சோளகத்துக்கு எங்கையடி புல்லு முளைக்குது?” என்று கேட்டேன்.

அவள் அந்த வரியைத் தானும் எடுத்து வாசித்துப் பார்த்தாள். பிறகு விடியப் பூசை முடிஞ்ச கையோடை பஸ் எடுத்து வாறன், பெரிய புத்தகத்தைப் பார்ப்போம் என்றாள். எங்களுக்கே வெட்கமாக இருந்தது. பனியைத் தேடினோம், பூவைத் தேடினோம், சூனியக்காரியைக்கூடத் தேடினோம். காற்றைத் தேடவில்லை. காற்றுத்தான் எங்களுக்குத் தெரியுமே. தெரியாததைப் பார்க்கத்தான் உசாத்துணை நூல் என்று எண்ணியிருந்தோம். தெரியும் என்று நினைக்கிறதைத்தான் அதில் முதலில் பார்க்க வேண்டும் என்று அதுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவளுக்கும் எனக்கும் மேடத்துக்கும் ஒரே காற்றுத்தான் வீசியிருக்கிறது.

ஞாயிறு காலை அவள் தேவாலயத்தில் பூசை முடித்த கையோடு வந்து இறங்கினாள். அப்போதுதான் எனக்கு நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சரஸ்வதி பூசை. நவராத்திரியின் கடைசி நாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா வீட்டிலுள்ள புத்தகங்களை எல்லாம் சாமியறையில் கும்பத்துக்கு முன் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு முடித்திருந்தார். மறுநாள் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை வீட்டில் ஒருவரும் ஓர் எழுத்தும் வாசிக்கக் கூடாது, எழுதக் கூடாது. அப்பா பத்திரிகையைக்கூட மடித்து வைத்துவிடுவார். கைபேசியில் வருவதை வாசிப்பது மட்டும் வாசிப்பில் சேராது என்று வீட்டார் எல்லோரும் பேசாமலே ஒத்துக்கொண்டிருந்தோம்.

பெரிய புத்தகம் அடுக்கின் அடியில் இருந்தது. அம்மாவுக்கு அதன் தடிப்பினால் அதன்மேல் ஒரு தனி மரியாதை. வருடாவருடம் அதைத்தான் அடித்தளமாக வைப்பார். அதற்கு மேலே தங்கையின் கணக்குப் புத்தகங்கள், அப்பாவின் பஞ்சாங்கம், என் மடிக்கணினி, எல்லாவற்றுக்கும் மேலே சட்டம் போட்ட சரஸ்வதி படம், அதில் மாலை. பல்கலைக்கழக நூலகத்தில் இதே நூல் உசாத்துணைப் பகுதியில் இருக்கிறது. ஆனால் நூலகம் பூட்டு. பைண்டிங் கடைக்காரர் அச்சடித்துக் கட்டித் தர நாலு மணிக்குள் கட்டுரை வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். நாலு மணிக்கு மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டால் பிறகு மறுநாள் மதியம்தான் தொடுவாராம். மறுநாள் மதியம் கையளிக்கும் நேரம் முடிந்துவிடும்.

கைபேசியிலும் தேடிப் பார்த்தோம். காற்று என்பது மாற்றத்தின் குறியீடு என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒருவர் மேற்குக் காற்று கொடியது என்றார், இன்னொருவர் இனியது என்றார். இரண்டு பேருக்கும் பெயர் இல்லை. பக்க இலக்கம் இல்லாத எதையும் மேடம் ஏற்க மாட்டார். நான் குசினிக்குப் போய், கடலை அவித்துக்கொண்டு நின்ற அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுடைய படிப்பே இதில்தான் நிற்கிறது, ஒரேயொரு பக்கம் பார்த்தால் போதும் என்று கெஞ்சினேன். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு யோசித்தார். அம்மா யோசிக்கும்போது இடையில் பேசக்கூடாது என்பது எனக்குத் தெரியும்.

“நீ தொடாதை,” என்றார். “அவள் வேதக்காரப் பிள்ளை. அவளுக்கு உந்தக் கட்டுப்பாடு ஒண்டும் இல்லை. அவள் எடுத்து வாசிக்கட்டும். நீ இருந்து கேள். கேக்கிறது வாசிப்பில்லை.”

எந்த நீதிமன்றத்திலும் இப்படி ஒரு தீர்ப்பை நான் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. எங்கள் வீட்டுச் சாமியறைக்குள் வெளியார் வருவதில்லை. வெளியார் என்றால் யார் என்று எங்கள் ஊரில் ஒருவரும் விளங்கப்படுத்த மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். நாலு வருடமாக அவள் விறாந்தையில் இருந்திருக்கிறாள், என் அறையில் படுத்திருக்கிறாள், குசினியில் தேங்காய் துருவியிருக்கிறாள். அந்தக் கதவுப் பக்கம் மட்டும் போனதில்லை. போகச் சொல்லி நானும் கேட்டதில்லை.

அம்மா முன்னால் போய்க் கதவடியில் நின்று அவளைப் பார்த்தார்.

“பிள்ளை, காலமை மீன் மச்சம் சாப்பிட்டனியோ?”

“இல்லை அன்ரி. பாணும் சம்பலும்.”

“சம்பலுக்கை மாசிக் கருவாடு?”

“போடேல்லை.”

“அப்ப காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கை வா.”

அவள் கால் கழுவி வந்தாள். அடுக்கின் முன் குந்தியிருந்து, எதை எப்படித் தொடுவது என்று தெரியாமல் சரஸ்வதி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா குனிந்து, மாலை சரியாமல் படத்தைத் தானே தூக்கினார். ஒருமுறை தூக்கியதை நிலத்தில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி சுவரோரம் நின்றுகொண்டார். அவள் பஞ்சாங்கத்தையும் கணக்குப் புத்தகங்களையும் மடிக்கணினியையும் ஒவ்வொன்றாக ஒரு பக்கம் வைத்து, அடியில் இருந்த பெரிய புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள். அட்டையில் ஈரச் சந்தனம். நான் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு எதிரே இருந்தேன். கண் தன்பாட்டில் பக்கத்துக்குப் போய்விடும் என்ற பயத்தில் கும்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்றுக்கு இரண்டு பக்கம் இருந்தது. அவள் ஆங்கிலத்தில் நிதானமாகச் சத்தமாக வாசித்தாள். அந்த நாட்டில் கிழக்குக் காற்றுத்தான் வறண்டது, பயிரையும் நெஞ்சையும் கெடுப்பது. மேற்குக் காற்று பெருங்கடலில் இருந்து ஈரத்தோடு வருவது. குளிரை உடைக்கும், மழை தரும், புல்லை எழுப்பும். குறிப்பின் முடிவில் கப்பல்கள் என்ற தலைப்பைப் பார்க்கச் சொல்லியிருந்தது. அவள் பக்கங்களைப் புரட்டினாள். கிழக்குக் காற்று வீசினால் தூரதேசம் போன கப்பல்கள் ஊருக்குள் வர முடியாமல் வெளிக்கடலில் கிழமைக்கணக்காகக் கிடக்கும். மேற்குக் காற்று எழுந்தால்தான் வீட்டுக்கு வரும். துறைமுக ஊர்களில் பெண்கள் அந்தக் காற்றுக்காக நேர்ந்துகொண்டு காத்திருப்பார்கள்.

அவள் வாசிப்பதை நிறுத்தினாள். நான் கும்பத்தை விட்டு அவளைப் பார்த்தேன்.

“நான் அந்த மனிசியைச் சாகக் குடுத்திட்டன்,” என்றாள். “அவள் கதவைத் திறந்தது சாகிறதுக்கில்லை. அவன் வாறான் எண்டு.”

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்திருக்கிறார். படத்தை அணைத்தபடியே, ஆறுதலாக வாசி பிள்ளை, நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன் என்றார்.

பேசாமல் விட்டுவிடலாம். அந்த எண்ணம் எங்கள் இருவருக்கும் வந்தது. மேடத்துக்குத் தெரியவில்லை, சோதிக்க வருகிறவருக்கும் தெரியாமல் போகலாம். அந்த அத்தியாயம் அழகாக இருந்தது. மாற்றப்போய் நாலு மணியைத் தவறவிட்டால் எல்லாம் போய்விடும். அவள் புத்தகத்தை மூடி, அதன்மேல் கையை வைத்தாள். தெரிந்த பிறகு எப்படி விடுகிறது என்று தனக்குத்தானே கேட்பதுபோலச் சொன்னாள். பிறகு எழுந்து, பக்க இலக்கங்களைத் தன் கையால் தன் தாளில் எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் இருந்த ஒழுங்கில் அடுக்கி வைத்தாள். கடைசியாக அம்மா படத்தை வைத்தார்.

அவள் என் அறையில் இருந்து தன் மடிக்கணினியில் எழுதத் தொடங்கினாள். எனக்கு வாசிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. எனவே அவள் ஒவ்வொரு பந்தியையும் வாசித்துக் காட்டுவாள், நான் சரி பிழை சொல்லுவேன். நாலு வருடத்தில் ஒருநாளும் நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அத்தியாயத்தை அழித்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழிக்கவில்லை. முதலில் எழுதியதை அப்படியே வைத்து, அதற்குக் கீழே புதிதாக ஒரு பகுதி சேர்த்தாள். ஒரு கரையில் நின்று வாசிப்பவருக்கு இந்தக் கதவு சாவுக்குத் திறக்கிறது. அது ஏன் என்று மேலே சொன்னேன். கவிதை எழுதப்பட்ட கரையிலோ அது வீடு திரும்புகிறவனுக்குத் திறக்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளக்காமல் இந்தக் கவிதையை வாசிக்க முடியாது. இதுதான் அதன் சாரம். தகப்பனின் அடிக்குறிப்புக்கு அடுத்த இலக்கத்தில் பெரிய புத்தகத்தின் அடிக்குறிப்பைப் போட்டாள்.

அம்மா கடலையும் அவலும் கொண்டுவந்து வைத்தார். அவள் ஒன்றையும் தொடவில்லை. மூன்று மணி தாண்டியதும் என் ஸ்கூட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் உள்ள திருநெல்வேலிச் சந்திக்குப் பறந்தேன். கடைக்காரர் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். எங்களைப் பார்த்ததும் கிண்ணத்தை வைத்துவிட்டு, கட்டுரை இருந்த பென் டிரைவை வாங்கினார். அன்றைக்குக் கடைசியாக அந்த மிஷின் அச்சடித்தது அவளுடைய கட்டுரையைத்தான்.

சில கிழமைகள் கழித்து வாய்மொழித் தேர்வு. தெற்கில் இருந்து வந்திருந்த பேராசிரியர் நேரே அந்த அத்தியாயத்துக்குத்தான் போனாராம். முதல் வாசிப்புப் பொருந்தாது என்று நீயே காட்டிவிட்டாய். பிறகு அதை ஏன் நீக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். அந்தப் பயம் எங்கள் கரையில் உண்மையான பயம், அதை நீக்கினால் நான் இந்தக் கவிதையை எங்கே நின்று வாசித்தேன் என்பதே இல்லாமற் போய்விடும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஆதாரம் எந்த நூல் என்று கேட்டதற்குக் கட்டுரையைத் திறக்காமலே பக்க இலக்கம் சொன்னாளாம். அவர் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டாராம். வெளியே வந்தவளைப் பிடித்துக்கொண்டு நான் வாகை மரத்தடியில் இருந்தேன்.

பெறுபேறு வந்தபோது முதல் வகுப்பு. வேலையும் பிறகு கிடைத்தது. கனடாவுக்கு இல்லை என்று சொல்லப்பட்டது. பெறுபேறு வந்த அன்றைக்கு அவளோடு நானும் மயிலிட்டிக்குப் போனேன். அவளுடைய தகப்பன் துறைமுகத்தில், கரையில் ஏற்றிய வள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்து என்ஜினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. செய்தியைச் சொன்னதும் எண்ணெய்க் கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துவிட்டு, அவளுடைய தலையில் புறங்கையை வைத்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு, அப்படி என்னத்தை எழுதினாய், என்னட்டைக் காத்தைப் பற்றிக் கேட்டியே என்றார்.

அவள் மணலில் இருந்து சொல்லத் தொடங்கினாள். அந்தப் பெண், பூட்டிய கதவு, காற்று மாறியது, பெரியப்பாவை நினைத்துத் தான் முதலில் என்ன எழுதினாள், பெரிய புத்தகத்தில் என்ன இருந்தது. அந்த ஊரில் மேற்குக் காற்றுக் கடலில் இருந்து கரைக்கு வீசும், போனவர்களைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று சொன்னாள். அவர் ஒரு சந்தேகம் கேட்டார்: புத்தகத்தில் அப்படியே போட்டிருக்கிறதா, இல்லை நீயாகச் சொல்கிறாயா? அவள் போட்டிருக்கிறது என்றாள். நானும் என் காதால் கேட்டேன் என்றேன். அவர் என்ஜினில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

“அந்த ஊர்க் காத்தெண்டால்,” என்றார், “அண்ணை வீட்டை வந்திருப்பார்.”